எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கேள்வி. முதல் நாள் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டருக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் என் உயிரை வாங்கிவிட்டாள். "அக்கா, ஏன் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தீங்க?" "அக்கா, ஏன் அவர்கிட்ட மட்டும் வயசு கேட்டீங்க?" "டாக்டர் எழுதினது புரியலைன்னா யாருக்குப் போன் போடுவீங்க? அவர் எடுக்கலைன்னா?" எனக்கு ஏற்கெனவே சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல், "அம்மா தாயே, மருந்து கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம், பேட்டி கொடுக்க இல்ல" என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

அவள் வேலை அதுதான். டாக்டர் அறையில் ஒரு கம்ப்யூட்டர், எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர், நோயாளி கையில் ஒரு போன். மூன்றும் மூன்று திசையைப் பார்த்து நின்றன. டாக்டர் மருந்தை மாற்றியது எங்களுக்குத் தெரியாது, எங்களிடம் அந்த மருந்து இருப்பில் இல்லாதது அவருக்குத் தெரியாது, நடுவில் நோயாளி பந்து மாதிரி உருண்டுகொண்டிருப்பான். இந்த மூன்றையும் ஒன்றாகப் பேசவைக்க ஒரு கம்பெனி வந்தது. புரோகிராம் எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். யார் எதைப் பார்க்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், அழுத்தினால் அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து வரைவது கேள்வியின் வேலை.

அதற்கு முன்னால் அவள் செருப்பு விற்கிற ஒரு ஆப்புக்கு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தாளாம். "செருப்புக்கும் மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கா உனக்கு?" என்று குத்தலாகக் கேட்டேன். "இருக்குக்கா. செருப்பு கடிச்சா மாத்திக்கலாம்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை அவள் பக்கம் தள்ள ஆரம்பித்தேன்.

அவள் வீட்டுக்காரர் பெயின்டர். படம் வரைகிறவர் இல்லை. சாரம் கட்டி ஏறி மாடி வீடுகளின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். அவளுடைய பழைய அலுவலகத்துக்கு வண்ணம் அடிக்க வந்த இடத்தில்தான் பழக்கம். அவள் தேர்ந்தெடுத்திருந்த வெள்ளையைப் பார்த்து, "இது வெள்ளை இல்லைங்க, ஆஸ்பத்திரி வெள்ளை. தினமும் பார்த்தீங்கன்னா காய்ச்சல் வந்துடும்" என்றாராம். அவள் சண்டைக்குப் போயிருக்கிறாள். சண்டை கல்யாணத்தில் முடிந்தது. படித்த பெண் பெயின்டரைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டார் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வீட்டுச் சுவருக்கும் இவர்தான் அடித்துக் கொடுத்தார்.

எனக்கு அவள் தங்கச்சி மாதிரி ஆனதும் அவர் எனக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார். நல்ல உயரம். நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்குக் குழந்தை மேல் உயிர், அவர்களுக்குப் பிறக்கவில்லை. யாராவது அதைப் பற்றி விசாரித்தால், "ஏன் இல்ல? இவ செய்யுற சிஸ்டம்தான் எங்க பிள்ளை. ராத்திரி பகல் தூங்க விடமாட்டேங்குது பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். அப்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அவரை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள் என்று தோன்றும்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. நல்ல அழுத்தம், சும்மா பெயருக்கு இல்லை. மாதா மாதம் என் கவுண்டருக்குத்தான் மாத்திரை வாங்க வருவார். "மாப்பிள்ளை, போன மாசத்து மாத்திரை தீர்ந்துச்சா? என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க" என்பேன். "நாலஞ்சு மிச்சம் இருக்குக்கா" என்று தலையைச் சொறிவார். "மிச்சத்தை வச்சு என்ன, மாலை கட்டப் போறீங்களா?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி கத்துவேன். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிடுவார். அப்புறம் மறுபடியும் தலையைச் சொறிவார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அந்த மனுஷன் மாத்திரையே சாப்பிடவில்லை. இது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கதையை இழுத்து இழுத்துக் கடைசியில் திறந்து காட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, அதில் எனக்கு மனமும் இல்லை.

சிஸ்டம் தயாரானது. சோதனைக்கு நோயாளிகள் வேண்டும். எங்கள் நிர்வாகி கறாரான ஆள். "ஜனங்க நிஜமாவே இதைப் பயன்படுத்துறாங்களான்னு ஒரு வருஷம் பார்ப்போம். இல்லைன்னா மூட்டை கட்டிடலாம்" என்று கம்பெனிக்காரர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார். ஜனங்களோ புதுசு என்றால் பத்தடி தள்ளி நிற்பார்கள். அப்போது முதல் ஆளாக வந்து பெயர் கொடுத்தவர் மாப்பிள்ளைதான். "எம்பொண்டாட்டி செஞ்சதை நானே நம்பலைன்னா வேற எவன் நம்புவான்?" என்று காத்திருக்கும் கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமை. டாக்டர் மருந்து எழுதினால் அந்த நொடியே எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் கட்டி அனுப்பினால் வீட்டு வாசலுக்கே போய்விடும்; யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். மாத்திரை நேரம் வந்ததும் நோயாளியின் போன் ஒரு சத்தம் போடும். சாப்பிட்டதும் ஒரு கட்டத்தை அழுத்தினால் அது பச்சையாகும். டாக்டர் திரையில் பச்சை, எங்கள் திரையில் பச்சை, வீட்டில் அக்கறை உள்ள ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தால் அவர் போனிலும் பச்சை. மாப்பிள்ளை யார் பெயரைக் கொடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பச்சையைப் போட ஆப்பைத் திறந்து இரண்டு மூன்று இடத்தில் அழுத்த வேண்டியிருந்தது. வயதானவர்கள் தடுமாறினார்கள், பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். கேள்வி ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போனைத் திறக்காமலே ஒரே அழுத்தில் பச்சையாகும்படி மாற்றினாள். அதற்கப்புறம் பச்சை குவிந்தது. கெட்டிக்காரி மாதிரி நான் அன்றே எச்சரித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எச்சரிக்கவில்லை. கவுண்டரில் கூட்டம் குறைந்தது, எனக்குக் கால் வலி குறைந்தது, என் தொண்டைக்கும் ஓய்வு. யார் கண்ணையும் பார்த்து எதையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

மாப்பிள்ளை ஆரம்பத்தில் சாப்பிட்டிருக்கிறார். அவரோடு சாரம் ஏறும் கூட்டாளி ஒருவர் பின்னால் எங்களிடம் சொன்னது இது. டாக்டர் மாற்றி எழுதிய புது மாத்திரை ஆரம்பித்த வாரம், ஒரு மாடி வீட்டின் உயரத்தில் நின்று வாளியை எடுக்கக் குனிந்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இறக்கிக் கொண்டுவந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "வீட்டுல சொல்லுப்பா, டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரையை மாத்து" என்று கூட்டாளி சொல்லியிருக்கிறார். "சொன்னா அவ மேல ஏறவே விடமாட்டா. கீழ நின்னு பிரஷ் கழுவவா நான் பிறந்தேன்?" என்றாராம். அப்புறம், "அவ சிஸ்டம் இப்பத்தான் தவழுது. முதல் நோயாளியே மாத்திரை சாப்பிடலைன்னா அந்த நிர்வாகி மூட்டையைக் கட்டிடுவான். ஜெயிச்சு முடியட்டும். அன்னைக்கே சொல்லி நல்லா திட்டு வாங்கிக்கிறேன்" என்றிருக்கிறார். இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார் பாவி மனுஷன்.

ஆக, காலையில் போன் சத்தம் போடும். அவர் மாத்திரையைத் தொடாமலே, ஒரு கையில் பிரஷ்ஷோடு மறு கைக் கட்டைவிரலால் அழுத்துவார். அலுவலகத்தில் அவள் போன் பச்சையாகும். அதற்கு முன்பெல்லாம் பத்து மணி ஆனால் அவருக்குப் போன் போட்டு, "மாத்திரை போட்டீங்களா? பொய் சொன்னீங்க, வந்து கொன்னுடுவேன்" என்று மிரட்டுவாள். அவர் ஏதாவது உளறுவார், குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். பச்சை வந்த பிறகு அந்தப் போன் நின்றுவிட்டது. "இப்ப நிம்மதியா இருக்குக்கா" என்று என்னிடம் திரையைக் காட்டினாள். "பாருங்க, ஒரு நாள்கூட விடலை. இவரா இப்படின்னு எனக்கே நம்ப முடியலை." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

டாக்டர் என்ன செய்வார்? மாதம் ஒரு முறை அவருக்கு அழுத்தம் பார்த்தார். குறையவே இல்லை. திரையைப் பார்த்தார், எல்லாம் பச்சை. ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மருந்து போதவில்லை என்றுதானே அர்த்தம்? அளவைக் கூட்டினார். அப்போதும் குறையவில்லை. இன்னொரு மருந்தைச் சேர்த்தார், பிறகு மூன்றாவதையும் சேர்த்தார். பழைய நாளாக இருந்தால், "யோவ், மாத்திரையைச் சாப்பிடுறியா, தொட்டியில போடுறியா?" என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பார்; அவர் அப்படிப்பட்டவர்தான். திரை பதில் சொல்லிவிட்டதால் அவர் கேட்கவில்லை. நாங்கள் மூன்றையும் கட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு வருஷச் சோதனை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வார்டையும் சிஸ்டத்தோடு இணைத்தார்கள். வீட்டில் நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் படுக்கையில் சேர்த்த உடனே நர்ஸ் கையில் இருக்கும் திரைக்கு வந்துவிடும். மயங்கிக் கிடக்கிறவரிடமோ பதறுகிற சொந்தக்காரரிடமோ கேட்டுத் தவிக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு. அதை நான் இன்றைக்கும் சொல்லுவேன், நல்ல ஏற்பாடுதான் அது.

அந்த வாரம் மாப்பிள்ளை விழுந்தார். சாரத்திலிருந்து இல்லை, சொந்த வீட்டுக் குளியலறையில், சோப்புத் தண்ணீரில். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு சின்ன அறுவை செய்து தகடு வைத்தால் போதும் என்றார்கள். படுக்கையில் கிடந்தபடி, "அக்கா, இத்தனை வருஷம் ஆகாசத்துல நடந்தவனைத் தரை கவுத்துடுச்சு பாருங்க" என்று என்னிடம் சிரித்தார். "போதும், வாயை மூடிட்டுப் படுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அறுவைக்கு முன்னால் அழுத்தம் பார்த்தார்கள். எக்கச்சக்கமாக இருந்தது. வலியும் சேர்ந்திருக்கும். இவ்வளவு அழுத்தத்தோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளைக் கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. நர்ஸின் திரையில் மூன்றும் முழு அளவோடு வந்து நின்றன. பக்கத்தில் பச்சை. கேள்வி அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் மாத்திரைகளைக் கொண்டுபோனேன். "பார்த்தீங்களாக்கா, யாரும் வாயைத் திறக்கவே இல்ல, எல்லாம் தானா வந்துடுச்சு" என்று என் காதில் சொன்னாள். கணவன் கால் உடைந்து கிடக்கும் கவலையிலும் அவளுக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது. குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கும் சந்தோஷம் அது.

நர்ஸ் நல்ல பெண். திரை சொன்னாலும் ஒரு வார்த்தை கேட்டாள். "அண்ணே, இது மூணும் வீட்டுல தினமும் சாப்பிடுறதுதானே?"

மாப்பிள்ளை நர்ஸைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கேள்விதான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள், தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மூன்றையும் விழுங்கினார். "குட் பாய்" என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவர் போனில் தன் கையாலேயே பச்சையை அழுத்தினாள். ஆரம்பத்துச் சில நாளை விட்டால், அந்த ஒரு வருஷத்தில் விழுந்த பச்சைகளில் அது ஒன்றுதான் உண்மை.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்தது. அழுத்தம் இறங்கியது. இறங்க வேண்டியதுதானே என்று முதலில் விட்டார்கள். அது நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடினார்கள். இதயத்தைப் பார்த்தார்கள். விழுந்தபோது வயிற்றில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரையை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. தினமும் சாப்பிட்டுப் பழகின மாத்திரை இன்றைக்கு மட்டும் என்ன செய்துவிடும்? திரையில் வருஷம் முழுக்கப் பச்சை இருக்கிறதே!

நடுவில் கேள்வியை ஏதோ கையெழுத்துக்காகக் கீழே கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. "பெயின்டர் அண்ணன் உங்களைக் கேக்குறார். பொண்டாட்டியை வேண்டாம், அக்காவைக் கூப்பிடுன்னு சொல்றார்." நான் மாடிப்படியில் ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டம்தான். போய்ச் சேர்ந்தபோது அவர் நாக்கு குழறிக்கொண்டிருந்தது. என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் குனிந்தேன்.

"அக்கா... அவகிட்டச் சொல்லிடாதீங்க."

"என்னன்னு மாப்பிள்ளை? என்ன சொல்லக் கூடாது?"

அவர் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. உடம்புக்கு முடியாததைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "சொல்லமாட்டேன், நீங்க தைரியமா இருங்க" என்று தலையைத் தடவினேன். அதற்குள் கண் செருகிவிட்டது. நர்ஸ்கள் என்னை விலக்கினார்கள்.

மருந்தில்லாமல் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போன உடம்பு. ஒரே மூச்சில் அதை இறக்கியதும் மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் போய்ச் சேரவில்லை. இதெல்லாம் பிறகு புரிந்தது. ஏற்றியும் இறக்கியும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவர் கண் திறக்கவே இல்லை. கணுக்கால் உடைந்து வந்த மனுஷன் பிணமாகப் போனார். அவளைப் பிடித்து நிறுத்த எங்கள் நான்கு பேரால் முடியவில்லை. "கால்தானேக்கா உடைஞ்சது, கால்தானேக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அவள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் பையைக் கவுண்டர் மேல் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள். நாங்கள் அனுப்பிய கவர்கள், ஒட்டிய பசைகூடப் பிரியாமல். அவருடைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தாராம்.

"திரும்ப எடுத்துப்பீங்களாக்கா?" என்றாள். "மருந்து திரும்பி வந்தா என்ன செய்யணும்னு சிஸ்டத்துல நான் எதுவுமே வைக்கலை. போறதுக்கு மட்டும்தான் வழி வச்சேன்."

நான் ஒரு கவரைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது; அவர் அழுத்தம் ஏன் இறங்கவில்லை, அன்றைக்கு ஏன் இறங்கியது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர் எதைச் சொல்லாதே என்றார். கவுண்டரைச் சாத்திவிட்டு அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்றும் நினைப்பதுண்டு. ஆனால் அவளிடம் மறைக்கிறவர்கள் வரிசையில் இன்னொருத்தியாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் அழவில்லை. அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். "நான் பக்கத்துல நின்னேன்க்கா" என்றாள். "சிஸ்டர் கேட்டாங்க. சரியான கேள்வியைத்தான் கேட்டாங்க. நான் மட்டும் அங்க இல்லாம இருந்திருந்தா, 'இல்ல சிஸ்டர், நான் சாப்பிடுறதே இல்ல'ன்னு சொல்லியிருப்பாரு. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பாரு. நான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்க்கா. என் கையால." அதற்கப்புறம்தான் அவள் உடைந்தாள். நானும்தான். சிடுமூஞ்சி அழுவதை அன்று எங்கள் கவுண்டர் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

விசாரணை நடந்தது. நிர்வாகி, டாக்டர், கம்பெனி ஆட்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருந்துப் பக்கத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிஸ்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். டாக்டர் எழுதியது வந்திருக்கிறது, மருந்து போயிருக்கிறது, நோயாளி அழுத்தியிருக்கிறார், வார்டில் சரியாகத் தெரிந்திருக்கிறது. நோயாளி உண்மையைச் சொல்லவில்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார் கம்பெனியின் பெரியவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். நிர்வாகி, சோதனை வெற்றி என்றும், சிஸ்டத்தை ஆஸ்பத்திரி முழுக்கக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை ஆசைப்பட்டது நடந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

கேள்வி வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். விடவில்லை. அந்த மேசையிலேயே எழுந்து நின்று ஒரே ஒரு மாற்றம் கேட்டாள். வார்டில் வீட்டு மாத்திரையைக் கொடுக்கும் முன் நர்ஸின் திரையில் ஒரு வரி வர வேண்டும்: 'வீட்டு ஆட்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள்.' அதைக் கேட்டேன் என்று நர்ஸ் குறிக்காதவரை மாத்திரைக்கு அனுமதி வரக் கூடாது. டாக்டர்கள் நேரம் ஆகும் என்றார்கள். நர்ஸ்கள், சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார்கள். கம்பெனியின் பெரியவர், "இணைக்கிறதுக்காகச் செஞ்ச சிஸ்டம்மா இது. நீங்களே குடும்பத்தை வெளிய அனுப்பச் சொல்றீங்க" என்றார். "ஆமா சார், அனுப்பணும்" என்றாள். நிர்வாகி அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார்.

அந்த வரி வந்த பிறகு ஒரு நாள் காலை வார்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வயிற்றுவலியோடு வந்து சேர்ந்த ஒரு பெரியவருக்கு மருந்துப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். நான் போனபோது நர்ஸ் அவர் மனைவியிடம், "அம்மா, ஒரே நிமிஷம் வெளிய இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்தியதும் பெரியவர் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சிஸ்டர், அந்த அழுத்த மாத்திரை வேண்டாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். "அதை நான் விட்டு ரொம்ப நாளாச்சு. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா." நான் அந்த மாத்திரையைத் தட்டிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டருக்குச் சொல்லியனுப்பினோம்.

வெளியே வந்தேன். நடைவழி பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேள்வி. புது வரி வார்டில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு அவள் யார் என்று தெரியாது. ஆறுதலுக்கு ஒரு ஆள் கிடைத்தது போல அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"தனியா என்னத்தக் கேக்கப் போறாங்களாம்? எனக்குத் தெரியாதது என்ன இருக்கு அவருகிட்ட? எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட எதையுமே மறைக்க மாட்டாரும்மா."

கேள்வி அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்."